எந்தக் கதவைத் தட்டுவது? வேலைவாய்ப்பில் ஒன்றியமும் மாநிலமும்

எங்கள் தெருவில் ஓர் அக்கா பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறார். போன வருடம் மெஷின் ஊசி அவருடைய ஆட்காட்டி விரலில் நகத்தோடு ஏறிவிட்டது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் மருந்தகத்தில் கட்டுப் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பத்து நாள் ஓய்வு என்று சான்றிதழும் எழுதித் தந்தார்கள். அந்தப் பத்து நாள் கூலிக்கு ஈடான பணத்தை எங்கே கேட்பது? மருந்தகத்திலேயே கேட்டார். அது கிளை அலுவலகத்தில் கிடைக்கும் என்றார்கள். கிளை அலுவலகத்துக்குப் போனால், டாக்டர் தந்த தாளில் முத்திரை விழவில்லை, மருந்தகத்துக்கே போய் வாங்கி வாருங்கள் என்றார்கள். இரண்டு பஸ் மாறி, அரை நாள் வேலையையும் விட்டு, கட்டுப் போட்ட விரலோடு வந்து நின்றார். ‘இரண்டும் ஒரே இ.எஸ்.ஐ. தானே தம்பி, ஏன் இப்படி அலைய விடுகிறார்கள்?’ என்று கேட்டார்.

அவர் கையில் இருந்த அட்டை ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டு கட்டடங்களும் ஒரே அரசுக்கு உரியவை அல்ல. மருந்தகத்தில் மருத்துவரையும் செவிலியரையும் நியமிப்பது மாநில அரசு. பணம் தரும் கிளை அலுவலகம் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தைச் சேர்ந்தது. அந்தக் கழகம் ஒன்றிய அரசின் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமே இப்படித்தான் வேலையைப் பிரித்து வைத்தது: வைத்தியம் மாநிலத்துக்கு, பணப்பயன் கழகத்துக்கு. வைத்தியச் செலவில்கூட எட்டில் ஏழு பங்கு கழகமும் ஒரு பங்கு மாநிலமும் ஏற்க வேண்டும் என்பதே வழக்கமான பங்கீடு. கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை மாநில அரசு நடத்துகிறது. சென்னை கே.கே. நகர் மருத்துவமனையைக் கழகமே நேரடியாக நடத்துகிறது. வாசலில் நிற்கும் தொழிலாளிக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

வேலை, கூலி, வேலையின்மை, பயிற்சி என எதை எடுத்தாலும் நம் நாட்டில் இதே நிலைதான். ஆகவே யாருக்கு எது பொறுப்பு என்று அடியிலிருந்து பார்ப்போம்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. முதல் பட்டியலில் உள்ளவற்றுக்கு நாடாளுமன்றம் மட்டும் சட்டம் இயற்றலாம். இரண்டாம் பட்டியல் மாநிலச் சட்டமன்றத்துக்கு உரியது. மூன்றாவது பொதுப் பட்டியல், அதில் இருவருமே சட்டம் இயற்றலாம். வேலை சார்ந்த பெரிய விஷயங்கள் எல்லாம் இந்த மூன்றாம் பட்டியலில்தான் அடுத்தடுத்து வருகின்றன. 22ஆம் இனம் தொழிற்சங்கமும் தொழில் தகராறும். 23ஆம் இனம் சமூகப் பாதுகாப்பு, வேலைவாய்ப்பு, வேலையின்மை. 24ஆம் இனம் தொழிலாளர் நலன், வருங்கால வைப்பு நிதி, பேறுகாலப் பயன். தொழிற்பயிற்சியை உள்ளடக்கிய கல்வி 25ஆம் இனம், தொழிற்சாலைகள் 36ஆம் இனம். சுரங்கங்களிலும் எண்ணெய் வயல்களிலும் வேலை செய்பவர்களின் பாதுகாப்பு மட்டும் ஒன்றியப் பட்டியலுக்குப் போய்விட்டது.

இருவரும் சட்டம் இயற்றலாம் என்றால் இரண்டும் மோதிக்கொள்ளாதா? மோதும். அதற்குத்தான் 254ஆவது பிரிவு. பொதுப் பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தில் மாநிலச் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்துக்கு முரணாக இருந்தால் நாடாளுமன்றச் சட்டமே செல்லும். ஆனால் மாநிலம் தன் சட்டத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்த மாநில எல்லைக்குள் மட்டும் மாநிலச் சட்டம் செல்லும். 2014இல் ராஜஸ்தான் இந்த வழியில்தான் போனது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்ய அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று தொழில் தகராறு சட்டம் சொல்லியிருந்தது. ராஜஸ்தான் அந்த நூறை முந்நூறு ஆக்கி, ஒப்புதலும் பெற்றது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தில் அதே முந்நூறு நாடு முழுவதற்குமான எண்ணாக எழுதப்பட்டது. என் பார்வையில் இது தொழிலாளியின் பிடியைத் தளர்த்திய மாற்றம். அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஒரு மாநிலத்தில் முளைத்தது டெல்லிக்குப் போய் எல்லோருக்கும் சட்டமாகத் திரும்பி வந்த பாதை. அந்தப் பாதையில் நல்லதும் வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பட்டியலைப் படித்தால் மட்டும் நடைமுறை புரிந்துவிடாது. நான் யாருக்கு விளக்கினாலும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். சட்டம் யாருடையது? பணம் யாருடையது? வந்து நிற்கிற ஆள் யாருடைய ஆள்? பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே விடை வராது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடித்ததும் வரிசையில் நின்று பதிந்து, அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்த தலைமுறை நான். இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில், படையிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945இல் தொடங்கியது அந்த அமைப்பு. அப்போது முழுக்க மத்திய அரசின் கையில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மொழிவழி மாநிலங்கள் பிறந்த அதே நாள் அது. ஆனால் காலியிடங்களை நிறுவனங்கள் இந்த அலுவலகங்களுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற 1959ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றம் போட்டது. ஆக, சட்டம் டெல்லியில், அலுவலரும் கட்டடமும் மாநிலத்தில். அரசு வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து மற்றவர்களையும் விண்ணப்பிக்க விட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு அந்த அட்டையின் மவுசு குறைந்துகொண்டே வந்தது. இன்று பலகையில் ‘மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்று இருக்கிறது. போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி வகுப்பும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமும் நடக்கின்றன.

பதிந்துவிட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் காத்திருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாத உதவித்தொகை உண்டு. இது முழுக்க மாநிலத்தின் பணம், மாநிலத்தின் முடிவு. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. ஒரு பட்டதாரி நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போய் வரும் செலவுக்கே இந்த 600 போதாது. மாநிலத்தின் அதிகாரத்துக்குள் இருக்கும் விஷயம் என்பதால் இதை உயர்த்தச் சொல்லிக் கோட்டையைத்தான் கேட்க வேண்டும், டெல்லியை அல்ல.

அடுத்து ‘உரிய அரசு’ என்ற சொல். தொழிலாளர் சட்டங்களில் அடிக்கடி வரும், பலரும் தாண்டிப் போய்விடும் சொல் இது. குறைந்தபட்சக் கூலியை ‘உரிய அரசு’ நிர்ணயிக்கும், தகராறை ‘உரிய அரசு’ சமரசத்துக்கு எடுத்துக்கொள்ளும் என்று சட்டம் சொல்கிறது. அது எந்த அரசு என்பது தொழிலைப் பொறுத்தது. ரயில்வே, சுரங்கம், பெரிய துறைமுகம், வங்கி, ஒன்றியப் பொதுத்துறை நிறுவனம் என்றால் ஒன்றிய அரசு. மற்றபடி நூற்பாலை, ஓட்டல், அரிசி ஆலை, துணிக்கடை, செங்கல் சூளை எல்லாம் மாநில அரசு. ஒரே தெருவில் வங்கிக் கிளையும் நூற்பாலையும் எதிரெதிரே இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டிலும் ஒரே நாளில் வேலைநிறுத்தம். வங்கி ஊழியர்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பவர் ஒன்றியத் தொழிலாளர் ஆணையரகத்தின் அதிகாரி. ஆலைத் தொழிலாளர்களை அழைப்பவர் மாநிலத் தொழிலாளர் துறையின் அதிகாரி. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை வரும்போதெல்லாம் பேச்சுவார்த்தை ஒன்றிய அதிகாரிகள் முன்னால் நடப்பது இதனால்தான். நிலம் தமிழ்நாட்டில் இருந்தாலும் சுரங்கமும் நிறுவனமும் ஒன்றியத்தைச் சேர்ந்தவை.

நாட்டில் உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாவது வகையில் வருகிறவர்கள். எனவே கூலி குறைத்துக் கொடுத்தால், வாரவிடுமுறை மறுத்தால், முதலில் போக வேண்டிய இடம் மாவட்டத்தில் இருக்கும் மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகம். வருங்கால வைப்பு நிதி கட்டவில்லை என்றால் மட்டும் ஒன்றிய அமைப்பான வைப்பு நிதி அலுவலகத்துக்குப் போக வேண்டும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

இனி நூறு நாள் வேலை. பங்கீடு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் திட்டம் வேறு இல்லை. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கதை மகாராஷ்டிராவில் தொடங்குகிறது. 1972இல் அங்கே கடும் வறட்சி. கேட்டவர்களுக்கெல்லாம் வேலை தருவோம் என்று அந்த மாநிலம் ஒரு திட்டத்தைக் கையில் எடுத்தது. அதற்காக நகரங்களில் சம்பளம் வாங்குபவர்களிடம் தொழில் வரி வாங்கி, கிராமத்தில் மண் வெட்டுபவருக்குக் கூலியாகக் கொடுத்தது. பிறகு அதைச் சட்டமாகவே ஆக்கியது. அந்தச் சிந்தனைதான் 2005இல் நாடாளுமன்றத்தில் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டமாக வந்தது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரலில் நாட்டின் ஊரகப் பகுதி முழுவதற்கும் விரிந்தது. மாநிலத்தில் முளைத்து நாட்டுக்குப் பரவிய நல்ல விஷயம் என்று முன்பு சொன்னேனே, அது இது.

காலையில் ஏரிக்கரைக்குப் போனால் பங்கீட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். மண்வெட்டியும் கூடையுமாகப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். பணித்தளப் பொறுப்பாளர் கைப்பேசியில் படம் எடுக்கிறார். வேலைக்கு வந்ததற்கு அந்தப் படம்தான் சாட்சி, அது ஒன்றிய அரசின் செயலியில் ஏறுகிறது. எந்த ஏரியைத் தூர்வாருவது என்று தேர்ந்தெடுப்பது கிராம சபையும் ஊராட்சியும். அளந்து மதிப்பிடும் பொறியாளர் மாநில ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவர். ஒரு நாள் கூலி எவ்வளவு என்று அறிவிப்பது டெல்லி. தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அது 336 ரூபாய். கூலி ஒன்றியத்தின் கணக்கிலிருந்து நேரடியாக அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. 2025இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இந்தக் கூலி மாதக்கணக்கில் வராமல் நின்றபோது, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆனால் ஊரில் திட்டு வாங்கியவர் ஊராட்சிச் செயலர். அவர் கையில் பணமும் இல்லை, அதை விடுவிக்கும் அதிகாரமும் இல்லை.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணக் கணக்கைப் பாருங்கள். நூறு ரூபாய் செலவில் குறைந்தது 60 ரூபாய் கூலிக்கு, மீதி 40 பொருளுக்கும் திறன் பெற்ற தொழிலாளருக்கும். கூலி முழுவதும் ஒன்றியம் தரும். பொருள் செலவில் முக்கால் பங்கு ஒன்றியம், கால் பங்கு மாநிலம். ஆகவே நூறில் 90 ஒன்றியத்தினுடையது, 10 மாநிலத்தினுடையது. இன்னொரு விதியும் இருந்தது. கேட்டுப் பதினைந்து நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும். அதை மாநிலம் தன் பையிலிருந்து தர வேண்டும். வேலை கொடுத்தால் கூலி டெல்லியின் செலவு, கொடுக்காமல் விட்டால் படி மாநிலத்தின் செலவு! மாநிலம் வேலையைத் திறந்துவிட்டே ஆக வேண்டும் என்று நெருக்கும் நல்ல ஏற்பாடு இது. படி உண்மையில் கைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமான விஷயம். ஆனாலும் சட்டத்தை எழுதியவர்கள் யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பத்திரிகைகள் ‘விபி-ஜி ராம் ஜி’ என்று சுருக்கி எழுதுகின்றன. நூறு நாள் அதில் 125 நாளாகிறது. செலவில் ஒன்றியம் 60, மாநிலம் 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90-க்கு 10. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இவ்வளவுதான் என்று ஒன்றியம் ஒதுக்கீடு சொல்லும், அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்தைச் சேரும். விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் மாநிலம் அறிவிக்கலாம். நாள் கூடியது நல்லதுதான். ஆனால் நூறில் 10 தந்துகொண்டிருந்த மாநிலம் 40 தர வேண்டும் என்றால், வேலையைத் திறந்துவிடத் தயங்கும் மாநிலங்கள் இருக்கும். கேட்டால் வேலை என்ற உறுதி, இருக்கிற நிதிக்குள் வேலை என்று சுருங்கிவிடுமோ என்பதுதான் என் கவலை. முக்கியமாக, வரி வருமானம் குறைந்த, ஆனால் வேலை கேட்கும் ஏழைகள் மிகுந்த மாநிலங்களில்.

சட்டம் டெல்லியில் இருந்தாலும் மாநிலம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் நலவாரியம் 1994இல் அமைந்தது. அதற்கு அடித்தளம் 1982ஆம் ஆண்டின் மாநில உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம். ஒன்றியத்தின் கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996இல்தான் வந்தது.

ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே புடவையை விரித்துக் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் நரம்பு சுருண்டு, கணுக்கால் வீங்கி வீடு திரும்பும் பெண்களை எனக்குத் தெரியும். கடைகளுக்கான சட்டம் மாநிலத்தினுடையது. 2018இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதே உரிமையைச் சேர்த்தது. டெல்லியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நாற்காலி போடச் சொல்லும் சட்டம்தான். ஆனால் அந்தக் கால்களுக்கு அது பெரிய விஷயம். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது அந்த நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

மாநிலத்தின் கை எதிர்த்திசையிலும் நீளும். தொழிற்சாலைச் சட்டம் ஒன்றியத்தினுடையது என்றாலும் பொதுப் பட்டியல் என்பதால் மாநிலம் திருத்தலாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது.

எல்லை தாண்டினால் நீதிமன்றம் தடுக்கும். மாதம் 50,000 ரூபாய் வரை (நடைமுறைக்கு வந்தபோது 30,000) சம்பளம் உள்ள தனியார் வேலைகளில் 75 விழுக்காடு உள்ளூர்க்காரர்களுக்கே என்று ஹரியானா 2020இல் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரண் என்று ரத்து செய்தது. அரசு வேலையில் குடியிருப்பை நிபந்தனையாக வைப்பதற்குக்கூட 16ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற முடியும்.

இதுவரை சொன்னது உரிமையும் கூலியும். புதிய வேலை பிறப்பது வேறு கணக்கு. அதில் யாரும் தனியாக எதையும் செய்துவிட முடியாது. வட்டி, இறக்குமதி வரி, உற்பத்தி ஊக்கத்தொகை எல்லாம் ஒன்றியத்தின் பக்கம். நிலம், தண்ணீர், மின்சாரம், சாலை மாநிலத்தின் பக்கம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கைப்பேசி செய்யும் பெண்களைப் பாருங்கள். கைப்பேசி உற்பத்திக்கான ஊக்கத்தொகைத் திட்டத்தை 2020இல் ஒன்றிய அரசு அறிவித்தது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை மாநிலத்தின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. தூரத்து ஊரிலிருந்து வரும் பெண்ணுக்கு இரவில் பாதுகாப்பாகத் தூங்க இடம் இல்லையென்றால் ஊக்கத்தொகை எவ்வளவு இருந்து என்ன பயன்? தொழிற்பயிற்சி நிலையங்களும் இப்படித்தான். பாடத்திட்டமும் தேசியச் சான்றிதழும் ஒன்றியத்திலிருந்து, கட்டடமும் ஆசிரியரும் மாநிலத்திலிருந்து.

இப்போது நிலைமை மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. 29 ஒன்றியத் தொழிலாளர் சட்டங்களை நான்காகத் தொகுத்த சட்டங்கள் 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. வேலைவாய்ப்பு அலுவலகங்களின் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. நாடு முழுவதும் எந்த மாநிலமும் அதற்குக் கீழே கூலி வைக்கக் கூடாது என்ற அடித்தளக் கூலியை இனி ஒன்றியம் அறிவிக்கும், அதற்கு மேல் எவ்வளவு என்பதை மாநிலம் தீர்மானிக்கும். நூற்பாலைக்கும் ஓட்டலுக்கும் உரிய அரசு இப்போதும் மாநிலம்தான். அவர்களுக்கான விதிகளை மாநிலமே எழுத வேண்டும். எனவே டெல்லி அரசிதழைப் படித்தவர்கள் சென்னை அரசிதழையும் படிக்க வேண்டியிருக்கும்.

அக்காவுக்கு அன்று நான் செய்தது சின்ன உதவி. சான்றிதழை வாங்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போய், முத்திரை போட்டு வாங்கினேன். பிறகு நிறுவனத்திலிருந்து விபத்து அறிக்கை போயிருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன், போகவில்லை. மேற்பார்வையாளரிடம் இரண்டு நாள் கேட்ட பிறகு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் பணம் அவருடைய கணக்கில் ஏறியது. இப்போது கம்பெனியில் யாருக்கு அடிபட்டாலும், மருந்தகம் எங்கே, கிளை அலுவலகம் எங்கே, எந்தத் தாள் எங்கே போக வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்புகிறார்.